கடலுக்கு ஒரு நற்சான்றிதழ்

மூன்றாம் வருட மருத்துவப் பாடப்புத்தகத்தின் 214ஆம் பக்கத்தில் அப்பாவைக் கண்டேன். பெயர் மட்டும் இல்லை. கழுத்தின் பெரிய நாளத்தில் குழாய் ஏற்றும்போது ஊசி நுரையீரலைக் குத்தலாம். சற்று நேரத்தில் மூச்சு முட்டும். அந்தப் பக்க நெஞ்சு எழும்பாது. உடனே எக்ஸ்றே எடுக்க வேண்டும். எக்ஸ்றேயைத் தவிர எல்லாம் அப்பாவுக்கு நடந்தது.

சுனாமியன்று தேற்றாத்தீவுக் கடல் அவரைத் தூக்கித் தென்னையொன்றில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனது. கால் முறிந்து இரத்தம் போயிருந்தாலும் கதைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் நாளம் பிடிபடவில்லையென்று டொக்டர் வினாயகமூர்த்தி என் கண்முன்னே கழுத்தில் நாலு தரம் குத்தினார்.

"மூச்சு ஏலாம இருக்கு சேர்" என்றார் அப்பா.

"பயத்தில அப்படித்தான்" என்றார் டொக்டர்.

மரணச் சான்றிதழில் காரணம்: கடல் பேரலை. சாமித்தம்பி என்ற பெயர் கடற்கரை நினைவுக்கல்லில் ஏறியது. அம்மா அன்றோடு கடல்மீனை விட்டாள். வாவி மீன் மட்டும். வருடா வருடம் கல்லுக்கு முன்னால் நின்று கடலுக்கு மண் அள்ளித் தூற்றினாள். கடல் மறுத்துப் பேசவில்லை.

2009 மே மாதம் வினாயகமூர்த்தி நான் பயிற்சிக்கு நின்ற வாட்டுக்கு நோயாளியாக வந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்திகரிக்கக் கழுத்தில் குழாய் ஏற்ற வேண்டும். டொக்டர் ஸஹீதா படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"என்னென்ன பிழையாகலாமெண்டு ஆளுக்கு விளக்கிப்போட்டு ஒப்பம் வாங்குங்க."

எந்த உத்தரவையும் நான் இவ்வளவு பணிவாக ஏற்றதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கே விளக்கமா தம்பி? நூறு பேருக்குப் போட்டவன் நான். தாங்க, ஒப்பம் வைக்கிறன்."

"விளக்காம வாங்கக்கூடா சேர். முதலாவது, ஊசி நாடியில ஏறி ரத்தம் பீச்சலாம். ரெண்டாவது, காத்து உள்ள இழுபட்டு இதயத்துக்குப் போகலாம். மூணாவது, குழாய்க்கு வழிகாட்டுற கம்பி கைதவறி உள்ளயே போயிரலாம்."

"சரி, சரி."

"நாலாவது, நுரையீரல் ஓட்டையாகலாம். இதை ஆறுதலாச் சொல்லணும் சேர். சுனாமியண்டு, சாமித்தம்பியெண்டு ஒராள்..."

பேனா பிடித்த கை நடுவழியில் நின்றது.

"நீ ஆருடா?"

"அவர்ர மகன் சேர். அஞ்சாவது, கிருமி தொத்தலாம்."

ஸஹீதா ஒரே குத்தில் ஏற்றினார். எக்ஸ்றே எடுத்தோம். நுரையீரலில் கீறல்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் காற்று மெல்ல மெல்லவும் கசியலாம் என்கிறது 215ஆம் பக்கம். ஆகவே அரைமணிக்கொரு தடவை போய் அவருடைய வலது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.

"மூச்சு ஏலாம இருக்கா சேர்?"

"இல்ல."

"சில நேரம் பயத்தில தெரியாது சேர். திரும்பி வாறன்."

இவ்வளவு அக்கறையான மாணவனைக் கண்டதில்லை என்று தாதிமார் மெச்சினார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாக வாட் றேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கட்டில்களில் கிடந்தவர்கள் சத்தமில்லாமல் கேட்டார்கள். யார் எதனால் செத்தார்கள் என்று றேடியோ சொல்லவில்லை.

ஒன்பதாவது தடவை அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"என்னடா வேணும் உனக்கு? மன்னிப்பா?"

"அதை வச்சு நான் என்ன செய்யிற சேர்? நடந்ததை எழுதித் தாங்க. கல்லில இருந்து பேரை எடுக்கணும். செய்யாத வேலைக்குக் கடல் ஏச்சு வாங்குது."

"அண்டைக்கு நிலமெல்லாம் ஆக்கள். எக்ஸ்றேக்குக் கரண்ட் இல்ல..."

"கழுத்தில ஸ்டெதஸ்கோப் கிடந்துதே சேர். அதுக்குமா கரண்ட் வேணும்?"

எழுதினார். திகதியை மறந்தார், போடவைத்தேன்.

பின்நேரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். மறுநாள் காலை, நாலரை வருடத்தில் முதல் தடவையாகக் கடல்மீன் வாங்கினாள், ஒரு பாரை. செதிலைச் சீவியபடி நிமிராமலே கேட்டாள்:

"அந்தாள் எந்த வாட்டில கிடக்கான் மனே?"

கத்தியைப் பார்த்தேன். மீன் வெட்டுகிற கத்திதான்.

"ஏழாம் வாட், ஜன்னலோரக் கட்டில். பார்க்க விடுறது நாலு மணிக்கு" என்றேன்.

விளக்காமல் விடக்கூடாது.