இன்னும் ஒரு திருத்தம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் கணவரின் கணினித் திரையிலிருந்து சுட்டது. அவர் வீடியோ எடிட்டர். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் அவருக்கு உலகமே தெரியாது. நான் எட்டிப் பார்ப்பதும் தெரியாது.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘இணையம் மனிதர்களுக்கு இடையிலான தூரத்தை’ (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

வாடிக்கையாளர்கள் ஒரு அண்ணனும் தங்கையும். ஆளுக்கொரு நாடு; அப்பா மட்டும் ஊரில் தனியாக. அப்பாவின் பிறந்தநாளுக்குப் பழைய படங்களைக் கோத்து ஒரு வீடியோ வேண்டும். அப்பா யார் வீட்டில் இருப்பது என்று கிளம்பிய சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இவர் வீடியோவின் இணைப்பை அனுப்புவார். எங்கே சரியில்லையோ அங்கேயே அவர்கள் கருத்து எழுதுவார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்கும் தெரியும். இருவரும் ‘ஓகே’ கொடுத்தால்தான் வேலை முடியும்.

3

முதல் பிழை நிஜமாகவே பிழை. ஒரு மொட்டைமாடிப் படத்தின் அடியில் ‘அத்தை வீடு’ என்று போட்டுவிட்டார்.

“சார், இது அத்தை வீடு இல்ல. நாங்க வாடகைக்கு இருந்த வீடு” என்று தங்கை எழுதினாள்.

அடுத்து அண்ணன்: “அத்தை வீட்ல மாடியே கிடையாதே. இங்கதான நீ தண்ணி டேங்க்ல செருப்பப் போட்ட?”

“போட்டது நீ. அடி வாங்கினது நான்.”

என் கணவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். “ஏய், இங்க வாயேன். ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க!”

அந்தப் பிழையைத் திருத்தினார். அடுத்த பதிப்பில் வேண்டுமென்றே இன்னொன்றை வைத்தார்.

(இங்கே எனக்கே சந்தேகம். இசை அரை நொடி தள்ளி விழுந்தால் சோறு இறங்காத மனிதர் இதைச் செய்வாரா? செய்தார். கூசிக்கொண்டே செய்தார்.)

4

பள்ளி விழாப் படத்தை இடவலம் மாற்றினார். சித்தப்பாவைப் பெரியப்பா ஆக்கினார். ஒவ்வொன்றின் கீழும் அவர்கள் அடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள். அப்பாவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

“எத்தனை நாளைக்குங்க இப்படி? ஞாயித்துக்கிழமை பிறந்தநாள்” என்றேன்.

“தெரியும். இன்னைக்கு சுத்தமா அனுப்பிடறேன். அப்புறம் ஓகே போட்டுட்டு அவங்கவங்க வழியப் பாத்துட்டுப் போயிடுவாங்க.”

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அனுப்பினார். ஒரு பிழைகூட இல்லை. நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

5

முடிவு ஒன்று: இருவரும் ஓகே போட்டுவிட்டு (மாட்டேன், எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: அண்ணன் தங்கைக்கு போன் போட, இருவரும் விம்மி விம்மி (இது சீரியல்.)

நடந்ததையே சொல்கிறேன். பிற்பகலில் அண்ணன் எழுதினார்: “கடைசிப் படத்துல ஏதோ தப்பு இருக்கு சார்.”

கடைசிப் படத்தில் அப்பா தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

தங்கை உடனே எழுதினாள்: “ஆமாண்ணா. எனக்கும் பட்டுது. என்னன்னு நீயே சொல்லு.”

அண்ணன் தட்டச்சு செய்வதாகத் திரை காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது.

“இப்ப நான் எதைத் திருத்தறது?” என்கிறார் என் கணவர்.

எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணன் நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்களோ, அதை எழுதி அனுப்பிவிடுங்கள். அவள் இன்னும் அந்தப் பக்கத்தை மூடவில்லை.