ஆலப்பாக்கம் தாண்டாத வண்டி

சமீரா அதிகம் பேசமாட்டாள். கல்யாண வீடுகளில் அவள் வந்துபோனதே பலருக்குத் தெரியாது. ஆனால் அத்தாவின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், குறுக்கே வரும் பஸ்காரனை வாய்விட்டுத் திட்டுவாள். இரண்டே பேர் உட்காரும் வண்டி, மேலே மடக்குகிற துணிக்கூரை. அவள் அத்தா, அதாவது அப்பா அப்துல் வதூது, குவைத்திலிருந்து திரும்பியதும் ஆசைப்பட்டு வாங்கியது. ஓட்டியது கொஞ்சம், தள்ளியது ஜாஸ்தி.

சமீராவுக்குச் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருந்தது. “வண்டி ஒழுங்கா ஒருவாட்டி சிதம்பரம் போய்ட்டு வரட்டும், அப்பறம் நீயே வெச்சிக்க” என்று அத்தா சொல்லியிருந்தார்.

கடலூரில் கிளம்பும்போது வண்டியில் ஒரு குறையும் இருக்காது. செம்மங்குப்பம் கம்பெனிகளைத் தாண்டியதும் இழுவை குறையும். ஆலப்பாக்கத்தில் நிறுத்தினால் என்ஜின் தானாக ஏறி இறங்கித் திணறி அணைந்துவிடும். போன ஒவ்வொரு முறையும் இதே கதைதான். மெக்கானிக் இளவரசு பிளக்குகளை மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பட்டறையில் ஓட்டிப் பார்த்தால் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது.

அத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை அம்மா அமீருன்னிசா வழக்கம்போல வீட்டுக்குச் சாம்பிராணி போட்டாள். மூடியிருந்த ஜன்னலின் ஒரு மூலையில் புகை நூலாக வெளியேறிக்கொண்டிருந்தது. அங்கே இடைவெளி இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சமீரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அத்தாவோடு பட்டறைக்குப் போனாள். பையில் சாம்பிராணி, கரித்துண்டுகள், ஒரு பால்பவுடர் டின், மீன் தொட்டிக்குக் காற்று விடும் சின்ன பம்ப், நீளமான ரப்பர் குழாய்.

“அண்ணே, எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுதுன்னு நெனைக்கிறேன்.”

“ஏர் லீக்கு தானே? நானும் பாத்தேன் பாப்பா. டியூபெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“கண்ணுக்குத் தெரியலன்னா, புகை விட்டுப் பாக்கலாமா?”

இளவரசு டின்னை எட்டிப் பார்த்தார். “பாய், உங்க பொண்ணு வண்டிக்கு மந்திரிக்கப் போவுது.”

“மந்திரிக்கட்டும்பா. நாளைக்குப் போற வண்டிதானே.”

நெருப்பு என்ஜின் பக்கம் வரக்கூடாது என்று டின்னைத் தூரத்தில் சுவரோரம் வைத்தாள். பம்ப் புகையைக் குழாய் வழியே தள்ளியது. காற்று உள்ளே போகும் வாயை பாலித்தீனால் கட்டி, குழாயை அதற்குள் செருகினார்கள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். எங்கிருந்தும் புகை வரவில்லை.

“வாசன நல்லா இருக்கு” என்றார் இளவரசு.

சமீராவுக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் போனால் வண்டியும் போய்விடும்.

“அண்ணே... சூடானப்பறம்தானே இது மக்கர் பண்ணுது. நாம ஆறிப்போன என்ஜினப் பாக்கறோம்.”

இளவரசு சிரிப்பை நிறுத்தினார். கட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு, வண்டியை அவரே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது என்ஜின் திணறிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, பழையபடி குழாயைச் செருகினார்கள்.

இந்த முறை என்ஜினின் பின்பக்கம், ஒரு ரப்பர் டியூபின் அடியிலிருந்து புகை மெல்ல எழுந்தது. இளவரசு துணியைச் சுற்றி டியூபைப் பிடுங்கித் திருப்பினார். அடிப்பக்கத்தில் விரிசல். அதன்மேல் நீலமாக ஏதோ இளகி வழிந்திருந்தது. மோந்து பார்த்தார்.

“சோப்பு. துணி தொவைக்கற சோப்பு.”

அத்தா தொண்டையைச் செருமினார். “அது... நான்தான்பா. சின்ன விரிசலா தெரிஞ்சுது. அந்தக் காலத்துல பைக்கு டேங்க் ஒழுவுனா சோப்புதானே தேய்ப்போம். தேய்ச்சதும் நல்லா ஓடுச்சு.”

“ஓடும் பாய். சூடேறி சோப்பு இளகற வரைக்கும் ஓடும். ஆறினா மறுபடி இறுகி விரிசல அடச்சிக்கும். சோப்பு போட்டு வண்டியக் குளிப்பாட்டறதுன்னா வெளிய குளிப்பாட்டுங்க, உள்ள வேணாம்.”

“ஒங்க அம்மாட்ட சொல்லிடாத” என்றார் அத்தா, சமீராவிடம்.

புது டியூப் போட்டதும் சிதம்பரத்துக்குச் சமீராதான் ஓட்டினாள். செம்மங்குப்பம் தாண்டியது. மிதித்த அளவுக்கு வண்டி இழுத்தது. ஆலப்பாக்கத்தில் சாலை வேலை. கொடி பிடித்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்னும் பின்னும் லாரிகள். மற்றவர்கள் என்ஜினை அணைத்தார்கள். சமீரா அணைக்கவில்லை. என்ஜின் வேகம் காட்டும் மீட்டர் முள்ளையே பார்த்தாள். அது லேசாக நடுங்கியது, பிறகு ஓரிடத்தில் நின்றது. அதன்பிறகு அசையவில்லை.

அத்தாவின் போன் அடித்தது. பாண்டிச்சேரிக்காரர். அத்தா ஒரு நிமிடம் முள்ளைப் பார்த்தார்.

“மன்னிச்சிக்குங்க. வண்டி இப்ப குடுக்கறதா இல்ல. பொண்ணு காலேஜுக்கு எடுத்துட்டுப் போவுது.”

போனை வைத்துவிட்டுத் துணிக்கூரையை அண்ணாந்து பார்த்தார். “அங்க நெழல்ல நிறுத்த எடம் இருக்குமா?”

“மொதல்ல போய்ச் சேருவோம் அத்தா” என்றாள் சமீரா. கொடி இறங்கியது. குறுக்கே நுழையப் பார்த்த ஒரு பஸ்ஸைத் திட்டிக்கொண்டே கியரைப் போட்டாள்.