பேர் சொல்லாத ஜெபம்

நர்ஸ் படித்துவிட்டு வெளிநாடு போகத் துடிக்கும் தக்கலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சை என்றால் தேவகனி டீச்சர்தான். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறி எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு முன்னால் 'எ' (a) எங்கே போடுவது, 'தி' (the) எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். அதற்கு டீச்சர் ஒரு கதை வைத்திருந்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. எந்த ராஜான்னு கேக்குறவனுக்குத் தெரியாது. அது 'எ'. அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. இப்ப எந்த ராஜான்னு தெரிஞ்சாச்சு. அது 'தி'. இவ்வளவுதான் பிள்ளைகளே."

வகுப்பு அவள் வீட்டு முன்னறையில் நடக்கும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், உள்ளறையில், அவள் மகன் பெனிஷ் இருந்தான். குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை. அவளுக்கு வேறு பிள்ளையும் இல்லை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதி ஆராதனைக்கு முன்பே போதகரிடம் கொடுப்பார்கள். அவர் அதை வாசிப்பார். நல்ல காரியம் என்றால் குடும்பத்துப் பேரெல்லாம் வரிசையாக வரும். வெட்கப்படும் காரியம் என்றால் 'ஒரு சகோதரி', 'ஒரு குடும்பம்', அவ்வளவுதான். யார் என்று சபைக்கே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் தெரியாததுபோல் இருப்பது அங்கே மரியாதை.

'குடிக்கு அடிமையான மகனுக்காக ஒரு தாய்.' தேவகனி வருடக்கணக்காக எழுதிக் கொடுத்தது இதைத்தான். பெனிஷ் அவளோடு ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிறும் கைப்பழக்கத்தில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். போதகர் வாசித்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருந்ததுதான் கொடுமை. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் பெனிஷ் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "பேச்சிப்பாறையில ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்கு ஆளு வேணுமாம். வினோஜ் கூப்பிடுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் போறேன்."

வினோஜ் யார்? இவனுக்கு முதல் கிளாஸ் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தவன்.

"போவாண்டாம் மக்ளே. அங்க போனா பழையபடி ஆயிருவ."

"இங்க மட்டும் நான் யாரு? ஒரு குடிகாரன். எனக்கப் பேரச் சொல்ல ஒங்களுக்கே வெக்கம்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் அந்த ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையை அல்லவா மூடி வைத்திருந்தாள்!

அந்த வாரம் வகுப்பில் ஆன்ஸ்லின் என்ற பெண், நோயாளியைப் பற்றி டாக்டருக்கு எழுதும் கடிதத்தை நீட்டினாள். 'தி மிஸ்டர் முருகதாஸ்' என்று ஆரம்பித்திருந்தாள்.

"பேரு வந்தா முன்னால 'எ', 'தி' ஒண்ணும் போடாண்டாம் பிள்ளே," என்றாள் டீச்சர். "பேரே போதும்."

எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம்தான். அன்றைக்கு அது அவளுக்கே சொன்னது போலிருந்தது. திரைக்குப் பின்னால் பெனிஷ் பைக்குள் துணி அடுக்கும் சத்தம் கேட்டது. மேற்கொண்டு பாடம் நடத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை வாங்கிப் பார்த்த போதகர் தயங்கினார். "டீச்சர், பேரோடயா வாசிக்கணும்?"

"வாசியுங்க ஐயா."

அவர் வாசித்தார். "என் மகன் பெனிஷ் குடியை விட்டு வீடு வந்து சேர்ந்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தேவகனி."

இந்தத் தடவை எல்லாத் தலைகளும் திரும்பின. பெண்கள் பக்கத்திலிருந்து தேவகனியும் திரும்பினாள். பெனிஷ் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முகம் தெரியவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த பாட்டை அவளால் பாட முடியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். பாடகர் குழுவை நடத்தும் ஜான்ரோஸ் இத்தனை நாளும் பெனிஷைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர். அவரே வந்து அவன் கையைப் பிடித்தார். "பெனிஷே, சாயங்காலம் பாட்டு பழக வாறியா?"

வெளியே வினோஜின் பைக் ஹாரன் அடித்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெனிஷ் ரோட்டுக்கு நடந்தான். தேவகனி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுலே," என்றான் வினோஜ்.

பெனிஷ் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"நீ போ மக்கா," என்றான். "அம்மை தேடுவா."