ஏற்றி வைத்த ஐட்லிங்

சாவியைத் திருகியதும் வண்டி ஹோவென்று அலறியது. தமிழ்மணி ஆக்ஸிலேட்டரில் காலே வைக்கவில்லை.

அண்ணன் அழகிரி வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் கிடந்தான். அவனுடைய பழைய பிக்கப், தென்னூரின் அந்தக் குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அமரர் ஊர்தி உள்ளே வர முடியாமல் தெருமுனையில் காத்திருந்தது. ஆளாளுக்குத் தேடிச் சாவியைக் கண்டுபிடித்து, கடைசியில் தமிழ்மணி கையில் திணித்திருந்தார்கள். மெக்கானிக் அவன்தானே.

"சனியனே, இன்னைக்குமா?" என்று ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டான்.

நாலு வீடு தள்ளியிருந்த காலி மனையில் வண்டியை நிறுத்தினான். அணைத்துவிட்டுப் போய் அழுகிற சனத்தோடு நிற்பதுதான் முறை. அவனால் முடியவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே பானெட்டைத் தூக்கினான்.

"ஏம்ப்பா, பொணத்த வீட்டுல வச்சுக்கிட்டு ரிப்பேர் பாக்குற நேரமா இது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டி.

"ஒரு நிமிசம்ண்ணே. ஒரே நிமிசம்."

இந்தச் சத்தத்தால்தான் அண்ணனோடு சண்டை வந்தது. மன்னார்புரத்தில் இருக்கும் தமிழ்மணியின் பட்டறைக்கு, ஆயில் மாற்ற அண்ணன் வந்தபோது மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், அந்த ஐட்லிங், தாறுமாறாக ஏறியிருந்தது. தமிழ்மணி காதால் கேட்டே இறக்கி வைத்தான். பத்து நாளில் மறுபடி ஏறியிருந்தது. மறுபடி இறக்கினான். மூன்றாவது தடவை அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எவண்ணே இதுல கை வைக்கிறான்? என் கைமேல நம்பிக்கை இல்லேன்னா அவன்கிட்டயே போக வேண்டியதுதானே?"

கடை நிறைய ஆட்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போன அண்ணன், நாற்பது நாளாகப் பட்டறைப் பக்கமே வரவில்லை. தம்பியும் போன் பண்ணவில்லை. அவனாகப் பேசட்டும் என்ற வீம்பு. நேற்றுக் காலை வாழைத்தார் இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

தமிழ்மணி ஆக்ஸிலேட்டர் கேபிளைச் சுண்டிப் பார்த்தான். தளர்வாகத்தான் இருந்தது. லிவரை ஸ்பிரிங் ஒழுங்காகத் திருப்பி இழுத்தது. அப்படியானால் டீசல் பம்ப்பில் இருக்கும் ஐட்லிங் திருகு ஒன்றுதான் பாக்கி. குனிந்தான். திருகின் பூட்டு நட்டு ஆறு மூலையும் மழுங்கிக் கிடந்தது. ஸ்பேனர் போடாமல் கட்டிங் பிளேயரால் கடித்துத் திருப்பிய தழும்பு. எந்த மெக்கானிக்கும் இந்த வேலையைச் செய்யமாட்டான்.

வேறு கடைக்கே போகவில்லை. அண்ணன்தான் செய்திருக்கிறான்.

ஆனால் ஏன்? டீசலைக் குடிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இதே வண்டியை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்கு அன்று முதன்முதலாக எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போனார்கள். காவிரிப் பாலத்தில் ஒரே நெரிசல். அண்ணன் ஓட்ட, தமிழ்மணி சன்னலோரம், நடுவில் அண்ணி காளியாயி. நின்று நின்று போன வண்டியில், மடியில் சித்திரான்னத் தூக்கோடு அண்ணி தூங்கிப்போனாள். "சத்தமே இல்ல பாத்தியாடா, தொட்டில் மாதிரி இருக்கு" என்று அண்ணன் குசுகுசுவென்று சொன்னான். அன்றைக்குத்தான் மெக்கானிக் ஆக வேண்டும் என்று தமிழ்மணிக்குத் தோன்றியது. அப்பேர்ப்பட்ட மனுஷனா இந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு ஓட்டினான்?

"சித்தப்பா! ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!"

அண்ணன் மகள் சுபலட்சுமி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், வீட்டு வாசற்படியில், அண்ணி நின்றிருந்தாள். கண் வண்டியையே தேடிக்கொண்டிருந்தது. தமிழ்மணி சாவியைத் திருப்பினான்.

"அப்பா வந்துட்டாருன்னு அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க சித்தப்பா."

"என்னம்மா சொல்ற?"

சுபலட்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குக் காது கேக்கல. தை மாசத்துலேருந்தே. பக்கத்துல நின்னு கத்துனாத்தான் கொஞ்சம் கேக்கும். அப்பா வந்து கேட்டைத் தட்டுவாரு, போன் பண்ணுவாரு, ஒண்ணும் கேக்காது. வெயில்ல நிப்பாரு. ஒருநாள் வாசல்ல நின்ன வண்டி தன்னால ரேஸ் ஆனப்ப அடுப்படியில தட்டெல்லாம் கடகடன்னு ஆடிச்சு, அம்மா ஓடி வந்துட்டாங்க. அன்னிலேருந்து அவரே அதை ஏத்தி வச்சுக்கிட்டாரு. ஊரு சத்தம் எதுவும் கேக்கல, என் வண்டி மட்டும் அவளுக்குக் கேக்குதுன்னு ஒரே பெருமை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"செவிடின்னு பேரு வச்சுருவாங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. சித்தப்பாகிட்டயாவது சொல்லுங்கப்பான்னேன். அவன் திட்டுனா திட்டிட்டுப் போறான், என் தம்பிதானேன்னுட்டாரு."

தமிழ்மணி திறந்த பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நேற்றிலிருந்து வராத அழுகை. வெட்கமும் சேர்ந்து வந்தது. நாற்பது நாள். ஒரு போன் பண்ணியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அமரர் ஊர்தி வாசலுக்கு வந்தது. வாய்க்கரிசி போடச் சம்சாரத்தைக் கூப்பிடுங்கள் என்றார் சடங்கு செய்பவர். இரண்டு மூன்று பேர் கூப்பிட்டார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணி அசையவில்லை. "பாவம், பிரமை புடிச்ச மாதிரி ஆயிருச்சு" என்றாள் ஒருத்தி. தமிழ்மணி அண்ணிக்கு எதிரில் போய்க் குனிந்து, தெரியும்படி கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஓயாமரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டுத் திரும்பியபோது மணி மூன்று. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வண்டிய வாசலுக்குக் கொண்டாந்து விடு, தமிழு. அவரு எடத்துல நிக்கட்டும்."

அவன் ஆண்டியையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனான். ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணி எல்லாவற்றையும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் பந்தலுக்குத் திரும்பியதும் கேட்டாள்.

"சுபா சொல்லிட்டாளா?"

அவன் தலையாட்டினான்.

"உங்கிட்ட திட்டு வாங்கிட்டு வந்து அப்படிச் சிரிச்சாரு தெரியுமா அன்னிக்கு! தம்பிக்குத் தொழில் சுத்தம், கோவம் வரத்தானே செய்யும்னாரு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "வண்டிய எடு" என்றாள்.

"வேணாண்ணி."

அவன் உதட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுன்னா எடு. எடுத்து, அதைக் கம்மி பண்ணி வச்சிரு. நாளைக்கு நீ எடுத்துட்டுப் போவ, வருவ. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்கு ஓடி வரணுமா? என்னால ஆவாது, தமிழு."

தமிழ்மணி ஸ்டார்ட் செய்தான். வண்டி அலறியது. வீட்டுக்குள் தட்டுகள் நடுங்கின. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவன் டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். மழுங்கிப்போன நட்டில் அது இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்தது. திருகை மெல்ல மெல்லப் பின்னால் எடுத்தான். இரைச்சல் தணிந்தது, இன்னும் தணிந்தது, கடைசியில் ஒரு பிசிறும் இல்லாமல் எஞ்சின் நிதானமாக ஓடியது. இத்தனை சுத்தமாக அவன் எந்த வண்டிக்கும் வைத்ததில்லை.

அண்ணி கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்திட்டியா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும்படி அவன் முகத்தை நேராகத் திருப்பினான்.

"ஆமாண்ணி," என்றான். "நிறுத்திட்டேன்."