தூரிகை கைமாறாத கதை

1

கலைஞனும் குருவும் வரும் கதைகளுக்கு நான் இன்றோடு முடிவு கட்டுகிறேன். இதைப் படித்த பிறகு உலகில் யாரும் அப்படி இன்னொன்று எழுதத் துணியமாட்டார்கள்.

எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் ஒரே வாரத்தில் மூன்று பழங்காலப் படங்கள் போட்டார்கள். மூன்றிலும் கடைசியில் குரு தன் தூரிகையைச் சீடனிடம் நீட்டுகிறார், உடனே மழை. மூன்றாவது படத்தில் பக்கத்து இருக்கை ரோஹானா அழுதாள். நான் கச்சான் கடலை தின்றேன்.

என் கதையில் தூரிகை கைமாறாது. மழைக்கும் அனுமதி இல்லை.

2

பினாங்கு, 1943. சூரியன் மெல்ல... (வேண்டாம். எல்லார் கதையிலும் அது மெல்லத்தான் எழுகிறது.)

பினாங்கு, 1943. ஜப்பான்காரன் ஆட்சி. வேலைச் சீட்டு இல்லாத ஆளைப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறார்கள். நாகநாதனிடம் சீட்டு இல்லை. வயது ஐம்பத்தொன்று; வெள்ளைக்காரன் கந்தோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இப்போது படக்கொட்டகையின் பின்கட்டில் பேனர் வரையப் பழகுகிறார். குரு அய்யாக்கண்ணுவுக்கு இருபத்திரண்டு. (குருவுக்குத் தாடி கேட்பவர்கள் வேறு கதை பார்க்கவும்.)

கப்பல் வராத ஊரில் மிஞ்சியது ஒரே தூரிகை. அது அய்யாக்கண்ணுவுடையது, யாரும் தொடக் கூடாது. நாகநாதன் குச்சியில் துணி சுற்றித்தான் வரைகிறார்.

3

சின்னப் படத்தில் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்பி முகத்தைப் பெரிதாக்குவார்கள். இன்று கதாநாயகன் முகம் நாகநாதன் பொறுப்பு. நாலு மணிக்குக் கொட்டகை மேனேஜர் யூசுப் வருவார். அவருக்குப் பிடித்தால் சீட்டு.

முகம் பிரமாதம். ஆனால் அய்யாக்கண்ணு கிட்டே போய்ப் பார்த்தால்...

"கிராணி ஐயா, மூஞ்சில என்னா இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு லா!"

"அம்மை இல்லைத் தம்பி. முடிஞ்ச கட்டத்துக்கெல்லாம் சரிபார்த்து ஒரு சரி போட்டனான்."

"செவப்பு மையிலயா?"

"சரிபார்க்கிறது சிவப்பிலைதானே."

"எத்தன போட்டீங்க?"

"அறுபத்துநாலு. மூக்கை மட்டும் ரெண்டு தரம் பார்த்தனான்."*

* நாகநாதனை நானே நம்பவில்லை. அவரை எடுத்துவிட்டு, இருபது வயது ஏழைச் சீடன் ஒருவனை வைத்துப் பார்த்தேன். வந்ததும் வானத்தைப் பார்த்து ஏங்கினான். கிராணியையே திரும்பக் கூப்பிட்டுவிட்டேன்.

4

முடிவு ஒன்று: யூசுப் விழுந்து விழுந்து சிரித்துச் சீட்டைக் கொடுத்தார். (அந்த மூன்று படங்களே இதைவிடத் தேவலாம்.)

முடிவு இரண்டு: யூசுப் உதட்டைப் பிதுக்கினார். வாசலில் லாரி வந்து... (எழுத வரவில்லை.)

முடிவு மூன்று: வாசலில் யூசுப்பின் சைக்கிள் மணி. அய்யாக்கண்ணு ஒவ்வொரு சரியாக வண்ணத்தால் மூடிக்கொண்டே வந்து மூக்கில் நிற்கிறான். யூசுப்புக்கு ஓவியம் தெரியாது. அவர் கணக்கில் தூரிகை பிடித்தவன் ஓவியன். குச்சி பிடித்தவன் எடுபிடி. எடுபிடிக்குச் சீட்டு கிடையாது. அய்யாக்கண்ணுவின் சீட்டு ஏற்கெனவே அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

அவன் தூரிகையை வேட்டியில் துடைத்தான். பிடிப் பக்கத்தைத் திருப்பினான்.

"புடிங்க ஐயா. மூக்கு ஒங்களோடது."

கதவு திறக்கிறது. யூசுப் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதுங்கள், இந்தாருங்கள், பேனா. நான் எழுந்து சன்னலைச் சாத்த வேண்டும். தாள் நனைகிறது.