எட்டு தாங்கினால் பாஸ்

தம்பியின் விலை பதினெட்டு மாதச் சம்பளம். அதிலும் சீருடைக்காகக் கொஞ்சம் கழித்திருந்தார்கள். பணவண்டிக் காவலுக்குப் போனவனின் மார்புக் கவசத்தைக் குண்டு துளைத்துவிட்டது. இழப்பீட்டுக் கடிதத்தின் ஓரத்தில் கவசத்தின் தொகுதி எண் இருந்தது. சென்ற ஆண்டு அக்காவே சோதித்துக் கையெழுத்துப் போட்ட தொகுதி. அவள் கடிதத்தை மடித்து மின்சார ரசீதுகளோடு வைத்தாள். எப்படியும் அழுதுவிடுவாள் என்று அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் காத்திருந்து, அலுத்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவளும் ஆய்வகத்துக்குப் போனாள்.

கவசத்துக்குள் இருப்பது செராமிக்; தேநீர்க் கோப்பைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அதில் நாணயம் அளவு வில்லை ஒன்றை வெட்டி, இரு முகத்திலும் கிரீஸ் தடவி, இரண்டு நீள எஃகுத் தண்டுகளுக்கு நடுவே நிறுத்துவாள். காற்றுத் துப்பாக்கி இன்னொரு தண்டை ஏவி முதல் தண்டின் முதுகில் மோதவிடும். கண் இமைப்பதற்குள் வில்லை நசுங்கும். பத்தில் எட்டு போதிய அளவு தாங்கினால் தொகுதி பாஸ். கிரீஸ் விட்டுப்போனால் அந்த அடி செல்லாது. வேறு வில்லை வைக்கலாம்.

இன்று ஒன்பது முடிந்து, இரண்டு தவறியிருந்தன. பத்தாவதும் அவசரப்பட்டுப் பொடியானது.

கவசத் தயாரிப்பாளரின் ஏஜென்ட் கொசுறு கேட்கும் முகத்தோடு நெருங்கி வந்தார்.

"மேடம், இதுக்கு கிரீஸ் போடலையே. நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"போடலையா?"

அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. இரண்டு வாரமாகப் பல் தேய்ப்பதும் கதவைப் பூட்டுவதும்கூட யாரோ செய்வதுபோலத்தான் நடந்துகொண்டிருந்தன.

"வீட்ல துக்கம், மறந்திருப்பீங்க. போன வருஷமும் ஒண்ணு இப்படித்தான். நான் சொன்னேன், நீங்களும் செல்லாதுன்னு எழுதிட்டீங்க. இன்னொண்ணு வெச்சோம், பாஸாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் வெள்ளைத் தாளால் தண்டின் முகத்தை ஒற்றியெடுத்தாள். பொடியோடு பிசுபிசுப்பு. எதிர்த்தண்டிலும் அதே.

"போட்டிருக்கேன்."

"அது முந்தின அடியோட கிரீஸ், மேடம்."

அவள் குப்பைக்கூடையைச் சாய்த்து எண்ணினாள். "ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி பழைய கிரீஸைத் தொடைச்ச தாள். பத்து இருக்கு. நீங்கதான் பாத்துக்கிட்டே இருந்தீங்களே, சார்."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ஏழரைன்னு வெச்சுக்குவோமா?"

"செராமிக்ல அரை கிடையாது."

அவர் போன பிறகு சென்ற ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, கடிதத்தில் இருந்த தொகுதி எண்ணைத் தேடினாள். 'கிரீஸ் இல்லை, செல்லாது.' அவள் கையெழுத்துதான். அன்று தண்டை ஒற்றிப் பார்க்கவில்லை, கூடையை எண்ணவில்லை. அவர் சொன்னார், எழுதினாள். இப்போதாவது ஏதாவது வலிக்குமா என்று சற்று உட்கார்ந்து பார்த்தாள். வலிக்கவில்லை. இன்றைய தேதியிட்டு, மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதினாள்.

இத்தொகுதி: அடி பத்து, தாங்கியது ஏழு, தவறியது மூன்று. தோல்வி.

சென்ற ஆண்டுத் தொகுதி: அடி பதினொன்று, தாங்கியது எட்டு, தவறியது இரண்டு, பார்க்காமல் தள்ளியது ஒன்று.