பின்கதவடிப் பலகை

குளிர்தேசத்துப் பார்க்டேலில் வாங்கிய அந்தப் பழைய வீட்டின் குசினித் தரையை அன்ரனெற்றுக்கு மேலிருந்து தெரிந்ததைவிடக் கீழிருந்துதான் நன்றாகத் தெரியும். தரைக்கு நேர் கீழே, பேஸ்மென்றில், அவளுடைய தையல் மெசின் இருந்தது. அண்ணாந்தால் மரச்சட்டங்களும் அவற்றின் மேல் படுத்திருக்கும் பலகைகளும் தெரியும். எந்தப் பலகை எந்தக் காலுக்கு என்ன சத்தம் போடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கணவர் றெமிஜியஸுக்குப் பேக்கரியில் இரவு வேலை. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பாண் மணக்க மணக்கத் தூங்குவார். மாதத்தில் இரண்டு மூன்று தடவை, மத்தியானம் இரண்டு மணிபோல், தூக்கத்திலேயே எழுந்து நடப்பார். குசினியைக் கடந்து பின்கதவடிக்கு வருவார். அங்கே ஒரு பலகை கிறீச்சென்னும். மெசின் என்ன கத்துக் கத்தினாலும் அந்தச் சத்தம் அன்ரனெற்றின் காதில் விழும். தைத்தது தைத்தபடி கிடக்க, படியேறி ஓடுவாள்.

அவர் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. பூட்டில் கையை வைத்தபடி கேட்பார்:

"எல்லாரும் ஏறீட்டினமோ?"

"ஓம், எல்லாரும் ஏறீட்டினம். நீங்கள் வாங்கோ."

சொன்ன சொல் கேட்கும் பிள்ளையாய்த் திரும்பி வந்து படுத்துவிடுவார். பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி கேட்கும்போது ஒன்றும் ஞாபகம் இருக்காது.

அதை அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மனிசன் கண்மூடவே பயப்படுவார். ஆனால் அவளுடைய பயம் பெரிது. முந்திய வாடகை வீட்டின் தரை சத்தமே போடாது. அங்கே ஒருநாள் குப்பை போடப் போனவள், பனிக்குள் வெறுங்காலோடு நின்ற அவரைத் தற்செயலாகக் கண்டாள். கூட்டிவந்து காலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள். அப்போதும் அவர் விழிக்கவில்லை. அன்று குப்பை இல்லாதிருந்தால்?

தொண்ணூற்றாறு தை மாதம், ஒரு கிழமை லீவில் றெமிஜியஸ் குசினித் தரைக்கு ரைல் ஓடு பதிக்க இறங்கினார். பழைய பிளாஸ்ரிக் விரிப்பை உரித்து எறிந்தார். தரை இம்மியும் அசையக் கூடாது, அசைந்தால் ரைல் வெடிக்கும் என்று பக்கத்து வீட்டு இத்தாலியன் சொல்லியிருந்தான். அது போதாதா? மிதிப்பார், காது கொடுப்பார், சத்தம் வந்த இடத்தில் துளைக்கும் றில்லால் ஸ்குறூ ஆணியை இறக்குவார். இனி மேலே பிளைவுட், அதற்கு மேலே ரைல். தன் வேலையில் பிழை வந்தது என்று ஒத்துக்கொண்ட சரித்திரம் இல்லாத மனிசன் அவர்.

கீழே மெசினில் இருந்தாள் அன்ரனெற். இடுக்குகளால் மரத்தூள் மா மாதிரி இறங்கி, யன்னல் வெளிச்சத்தில் மிதந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக வாய் மூடின. அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். வீடே மெல்ல மெல்ல நித்திரையாவது போலிருந்தது.

பிறகு, பின்கதவடியில் கிறீச். உடனே றில்.

ஓடினாள். "இஞ்சேருங்கோ, அதை விடுங்கோ!"

"உனக்கென்ன விசரே? உதுக்கு மேலை ஒட்டினா ஒரு மாசத்திலை வெடிச்சுப்போகும்." அவர் நாலாவது ஸ்குறூவை இறக்கிவிட்டுக் காலால் மிதித்துக் காட்டினார். பலகை ஊமையாகி விட்டது.

அன்ரனெற்றுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மணி நடை, பூட்டில் வைக்கும் கை, பனி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்கும் கேள்வியையும் சொன்னாள்.

றெமிஜியஸ் தரையிலேயே குந்திவிட்டார்.

"அதுக்கு நீ என்ன சொல்லுறனீ?"

"எல்லாரும் ஏறீட்டினம் எண்டு."

"அலெக்ஸாண்டர் ஏறேல்லையே."

அலெக்ஸாண்டர் அவருடைய தம்பி. ஆறு வருசத்துக்கு முன் மன்னார்க் கரையில் இவர்கள் தப்பிவந்த வள்ளம் வெளிக்கிட்டபோது வந்துசேராதவன். அதன்பிறகு அந்தப் பேரை அவர் வாயால் அவள் கேட்டது இன்றைக்குத்தான்.

"தெரியும். அப்பிடிச் சொன்னாத்தானே திரும்பி வாறியள்."

அவர் கனநேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு றில்லை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு, நாலு ஸ்குறூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ரைல், கதவுக்கு ஒரு பலகை முன்னால் நின்றுவிட்டது. பார்க்க வந்த எமில்டா மச்சாள், "என்ன, ரைல் போதாமப் போச்சோ?" என்று சிரித்தாள்.

"ஓம் மச்சாள், அளவு பிழைச்சுப்போச்சு" என்றார் றெமிஜியஸ்.

அடுத்த கிழமை, இரண்டு மணிக்குப் பலகை கூப்பிட்டது. அவள் ஓடினாள். பூட்டில் கை இருந்தது.

"எல்லாரும் ஏறீட்டினமோ?"

பழைய பதில் வாய்வரை வந்தது. ஆனால் இப்போது அது வெளியே வர மறுத்தது.

"அலெக்ஸாண்டர் இன்னும் வரேல்லை" என்றாள். "நான் கரையிலை நிண்டு பாக்கிறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

அவர் பூட்டை விட்டுவிட்டு, குளிர்ந்த ரைல்மேல் மெதுவாக நடந்து படுக்கைக்குப் போனார். அன்ரனெற் அந்தப் பலகையிலேயே நின்றாள்.